பாதியில் எழுந்து போனவர்

அத்தியாயம் 17

பீட்ரூட்டைத் தோல் சீவும்போதே லோர்னா முடிவு செய்துவிட்டாள். இன்றைக்குச் சாப்பிட வருகிறவர்களில் யாராவது ஒருவர் வாயிலிருந்து உண்மை வெளியே வந்தாக வேண்டும்.

கணவர் மைரன் உயிரோடு இருந்தவரை இந்த மதியச் சாப்பாடு வழக்கமாக நடந்தது. இந்த ஊரில், பைக் க்ரீக்கில், முக்கியமான ஆட்டம் என்றால், ஐஸ் ஹாக்கி ஆடும் பையன்களை எடைபோட வரும் ஸ்கவுட்டுகள் இந்தச் சமையலறைக்கு வந்துவிடுவார்கள். ஒருவருக்கொருவர் போட்டி அணிக்காரர்கள்தான். ஆனாலும் ஒரே மேஜை. பீட்ரூட் போட்ட போர்ஷ் சூப், முட்டைக்கோஸ் சுருள், வெங்காயம் வதக்கிப் போட்ட பிரோகி கொழுக்கட்டை. நடுவில் எந்தப் பையன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று தொண்டை கிழியச் சண்டை.

மைரனும் ஸ்கவுட்தான். அவர் போய் இது இரண்டாவது குளிர்காலம். போன வருடம் அவள் யாரையும் அழைக்கவில்லை. இந்த வாரம் அவளே போன் செய்து கூப்பிட்டாள். "பரவாயில்லை, மனசு தேறிட்டா" என்று சர்ச்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்களாம். பேசிக்கொள்ளட்டும்.

காரணம் போன சனிக்கிழமை நடந்தது. ஆட்டம் முடிந்து கூட்டத்தோடு வெளியே வரும்போது, டில்லன் வோஸ் என்ற இளம் ஸ்கவுட், அவள் மகள் கைலாவின் பக்கத்தில் வந்து, "உன் தம்பிக்குத் தலைவலி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டுப் போயேவிட்டான்.

மகன் ரோமனுக்குத் தலையில் அடிபட்டது வெளியே ஒருவருக்கும் தெரியாது. புத்தாண்டு முடிந்த கையோடு, பண்ணைக் குளம் உறைந்து கிடந்த பனியில் தனியாக ஆடப் போனவன் மல்லாக்க விழுந்தான். தூரத்து நகரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். "ரெண்டு வாரம் ஓய்வு" என்றார். பயிற்சியாளருக்குப் போன் போட்டு "ஃப்ளூ காய்ச்சல்" என்று சொன்னது லோர்னாதான்.

ஜூன் மாதம் பெரிய லீகின் அணிகள் எல்லாம் உட்கார்ந்து, பதினெட்டு வயசுப் பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கும். ரோமன் இரண்டாவது சுற்றிலேயே போய்விடுவான் என்று டிசம்பர்வரை பேச்சு. தலையில் அடிபட்டவன் என்று காதில் விழுந்தால் போதும், ஒவ்வொரு அணியும் அவன் பெயரைத் தாண்டி அடுத்தவனுக்குப் போய்விடும். மைரனே அப்படி எத்தனை வீட்டுப் பிள்ளைகளைத் தாண்டிப் போயிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். லோர்னா, கைலா, மைரனின் தம்பி ஓரஸ்ட். மூன்றில் ஒன்று அவள். மீதி இரண்டு பேரில் ஒருவர் டில்லனிடம் சொல்லியிருக்கிறார்.

ஓரஸ்ட் இப்போது அண்ணன் பார்த்த அதே வேலையைப் பார்க்கிறான், அதே அணிக்கு. செவ்வாய்க்கிழமை பெட்ரோல் பங்கில் அவனும் டில்லனும் வண்டியில் சாய்ந்தபடி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததை லோர்னா பார்த்தாள். அவளைக் கண்டதும் ஓரஸ்ட் கையை ஆட்டினான். கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினான்.

கைலாவோ இந்த ஊர் அணிக்கு ஆட்டங்களைப் படம் பிடித்து வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவள். எல்லா ஸ்கவுட்டும் அவளிடம் பேசுவார்கள். டில்லனுக்கு இருபத்தாறு வயசு. பார்க்க நன்றாக இருப்பான்.

"அம்மா, அந்தப் பீட்ரூட்டை எத்தனை தடவை சீவுவே? சூப்புக்கு ஏதாவது மிச்சம் வை."

கைலா பின்னால் வந்து நின்றாள்.

"டில்லன் உனக்குப் போன் பண்றானா?"

"காலையில எழுந்ததும் இதான் கேள்வியா?"

"பண்றானா, இல்லையா?"

"வீடியோ கேட்டுப் பண்ணுவான். எல்லாரும்தான் பண்றாங்க. லூசியன் தாத்தாகூடத்தான் பண்றார், அவரையும் எனக்குக் கட்டி வெச்சிடுவியா?"

"சிரிக்காதே. ரகசியம் எந்தப் பக்கத்துல ஒழுகுதுன்னு தெரியாம நான் தூங்கி ஒரு வாரமாச்சு."

கைலா சிரிப்பை நிறுத்தினாள். "ஒருத்தனைப் பார்த்துச் சிரிச்சா ரகசியம் கொட்டிடுமாம்மா? நான் சொல்லல. அப்பா மேல சத்தியமா சொல்லல."

நம்ப வேண்டும் என்று இருந்தது. ஆனால் மகள் சத்தியம் செய்யும்போது அவள் கண் ஜன்னல் பக்கம் போனதையும் பார்த்துவிட்டாள்.

ஜன்னலில் திரை இழுத்துவிட்டிருந்தது. மேஜையின் மறு கோடியில் ரோமன் ஓட்ஸ் கஞ்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்குள்ளேயே தொப்பி. அதைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தான். இவர்கள் பேசியது கேட்டதா என்று தெரியவில்லை.

"திரையைத் திறந்துவிடட்டுமாடா? பனி மேல வெயில் அடிச்சு எவ்வளவு அழகா இருக்கு."

"வேண்டாம்மா. ஆட்டத்தன்னைக்கு இப்படித்தான் இருக்கணும்."

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"எதிர் டீம் ஹாமர்லிங் வரானே இன்னைக்கு, பயமா இருக்கா?"

"அவன் வந்தா என்ன? வழி விட்டுட்டா அவனே போய் ஓரப் பலகையில மோதிப்பான்." மைரனின் அதே கோணல் சிரிப்பு. கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனான்.

ஆட்டத்தன்று மத்தியானம் எல்லாப் பையன்களும் தூங்குவார்கள். ரோமனின் ஜன்னலில் ஒரு கனத்த போர்வை ஆணியடித்துத் தொங்கும். அதை அடித்து மாட்டியது மைரன். கதவு சாத்தப்பட்டால் உள்ளே நடுராத்திரி மாதிரி இருக்கும்.

மணி பன்னிரண்டு அடிக்கும் முன்பே ஸ்கவுட்டுகள் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். குளிருக்குக் கார் எஞ்சின் உறையாமல் இருக்க, மூன்று வண்டிகளின் வயர்களையும் கைலா வாசல் பிளக்கில் செருகிவிட்டு வந்தாள்.

லூசியன் பெல்ட்டியே முதலில் நுழைந்தார். எழுபதை நெருங்கியவர். முப்பது வருடமாக இந்தச் சமவெளி ரோடுகளில் வண்டி ஓட்டுகிறவர்.

"தங்கச்சி, இந்த வாசனைக்காகவே நான் சாகாம இருக்கேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மைரனின் நாற்காலியைப் பார்த்தார். அதில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஓரஸ்ட் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே வந்தான். அவனுக்குப் பண்ணையில் மாடுகளும் உண்டு. மார்ச் மாதம் கன்று போடும் பருவம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அண்ணி, தூக்கமே இல்ல. ஒரு கப் காபி கொடுத்துட்டு அப்புறம் திட்டுங்க."

"உன்னை எதுக்குத் திட்டணும்?"

"போன்ல கூப்பிட்ட குரல்லயே தெரிஞ்சுதே."

டில்லன் கடைசியாக வந்தான். "நன்றி மேடம்" என்றான். வீட்டுக்குள் வந்த பிறகும் லேசாகப் பழுப்பு ஏறிய கண்ணாடியைக் கழற்றவில்லை. ரோமன் போனதும் அவள் திரையைத் திறந்துவிட்டிருந்த ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். முகத்தை மறைக்கிறானோ என்று லோர்னா நினைத்தாள்.

சூப் பாதி போவதற்குள் சண்டை தொடங்கியது.

"ஹாமர்லிங்!" லூசியன் கரண்டியை ஓங்கினார். "ஆறடி நாலு அங்குலம். அடிச்சான்னா கோல் வலை கிழியும். எல்லாரும் அவன் பின்னாடி ஓடறீங்க. நான் சொல்றேன் கேளுங்க, அது ஒரு பெரிய ஃப்ரிட்ஜ். கதவைத் திறந்து பாரு, உள்ளே லைட் எரியல."

"லைட் எரியலன்னா நாம பல்ப் மாத்திக்கலாம். ஆறடி நாலு அங்குலத்தை நாம செய்ய முடியுமா?" என்றான் ஓரஸ்ட்.

"பக் வட்டு காலடியில வந்தப்புறம்தான் அவன் தலையைத் தூக்கி யார் எங்க நிக்கறாங்கன்னு பார்க்கறான். பெரிய லீக்ல அதுக்குள்ள அவனைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. நான் பார்த்து வெச்சிருக்கற டேஜர்லேயைப் பாரு. குட்டையா இருக்கான், ஒத்துக்கறேன். ஆனா பக் வர்றதுக்கு முன்னாடியே அவனுக்கு அடுத்தது தெரியும்."

"அடுத்தது தெரிஞ்சு என்ன பண்றது? ஊதினா பறந்துடுவான். காலுக்குத் தேவையான மூளை இருக்கு, மூளைக்குத் தேவையான கால் இல்ல."

"தொடர்ந்து எட்டு ஆட்டத்துல பாயின்ட் எடுத்திருக்கான்" என்றான் டில்லன்.

"தம்பி, நீ எண்ணிக்கிட்டே இரு. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

கைலா சிரித்துவிட்டாள். டில்லனும் சிரித்தான். இரண்டு சிரிப்பும் நடுவில் சந்தித்ததை லோர்னா முட்டைக்கோஸ் சுருளைப் பரிமாறிக்கொண்டே பார்த்தாள்.

இந்த மேஜைக்கு மைரன் வைத்த சட்டம் ஒன்று உண்டு. எந்தப் பையனை வேண்டுமானாலும் கிழிக்கலாம். சோறு போடுகிற வீட்டுப் பையனைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. ரோமன் ஏழு வயதில் ஸ்கேட் கட்டிக்கொண்டு நின்ற நாளிலிருந்து யாரும் அதை மீறியதில்லை.

ஓரஸ்ட் மீறினான்.

"எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்கறதால நானே சொல்லிடறேன். நம்ம ரோமனுக்கும் குறை இருக்கு. நின்ன இடத்துலேர்ந்து முதல் மூணு அடி கனம். பின்னாடி ஸ்கேட் பண்ணித் திரும்பும்போது இடுப்பு வளைஞ்சு கொடுக்கல. கார்னருக்கு பக் போச்சுன்னா, அரை அடி முன்னாலயே பிரேக் போடறான்."

லூசியன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஓரஸ்ட்" என்றார் லூசியன் தணிந்த குரலில். "அண்ணன் வீட்டுச் சாப்பாடு வாய்க்குள்ள இருக்கு."

"அதனாலதான் சொல்றேன். பொய் சொல்ல முடியல. பையன் பலகையோரம் போக பயப்படறான்."

"அது பயமில்ல" என்றான் டில்லன்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"பின்னே என்ன?" லோர்னா கேட்டாள். கையில் பாத்திரம் இருந்தது. குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

டில்லனின் கண் முதலில் ஓரஸ்ட் பக்கம் போனது. பிறகு கைலா பக்கம். "தெரியல மேடம். பயந்தவன் வேற மாதிரி ஆடுவான். எனக்குத் தெரியும், நானும் ஆடினவன்தான். இருபது வயசோட முடிஞ்சு போச்சு."

"யாருக்காவது சோர் க்ரீம் வேணுமா?" கைலா எழுந்தாள். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எல்லோர் தட்டிலும் வைத்தாள்.

சாப்பாடு முடிந்ததும் லூசியன் சோபாவில் கண்ணயர்ந்தார். ஓரஸ்ட் மாட்டைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினான். டில்லன் வண்டியின் வயரைப் பிடுங்கப் போனபோது கைலாவும் கூடப் போனாள். கோட்டுகூடப் போடவில்லை. பாத்திரம் கழுவுகிற சாக்கில் லோர்னா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இரண்டு பேர் வாயிலிருந்தும் வெண்புகை வந்தது. கைலா எதையோ அழுத்தமாகக் கேட்டாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

உள்ளே வந்தவளைக் கதவருகிலேயே மடக்கினாள்.

"என்ன கேட்டே அவனை?"

"நீ கேட்க நினைச்சதைத்தான். உனக்கு யார் சொன்னதுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"சொல்ல மாட்டானாம். வாக்கு கொடுத்திருக்கானாம்."

"யாருக்கு?"

"அதைச் சொன்னா அப்புறம் வாக்கு என்னத்துக்கும்மா?" கைலா கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "நீ சித்தப்பாவைத்தானே நினைக்கறே? எனக்கென்னவோ அவர் தந்திரம் பண்றார்னு தோணுது. மாட்டு ஏலத்துல பார்த்திருக்கேல்ல? வேணும்கிற மாட்டைத்தானே 'கால் சரியில்ல, பல் சரியில்ல'ம்பார்? ரோமனை மட்டம் தட்டிப் பேசினா மத்தவங்க கையை விட்டுடுவாங்க. கடைசியில அவரே எடுத்துப்பார். அப்பாவோட அணிக்கே."

லோர்னா பாத்திரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். இது அவளுக்குத் தோன்றவே இல்லை. மைரனும் அப்படித்தான் செய்வார். பிடித்த பையனைப் பற்றி வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

"அப்படின்னா இன்னைக்கே தெரிஞ்சுடும்" என்றாள்.

கைலாவுக்கும் புரிந்தது. "ரெண்டாவது கட்டம்" என்றாள்.

அந்த வீட்டுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. ஐஸ் ஹாக்கி மூன்று கட்டமாக நடக்கும். ஒரு பையனை மைரனுக்கு உண்மையிலேயே பிடித்துவிட்டால், இரண்டாவது கட்டம் முடிந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "ரோடு வழுக்கும்" என்பார். கடைசிவரை உட்கார்ந்தால் மற்ற அணிக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்களாம். "சந்தேகம் இருக்கறவனைத்தான் கடைசி மணி அடிக்கறவரை பார்க்கணும், லோர்னா. பிடிச்சவனை எவ்வளவு நேரம் பார்க்கறது?" என்பார். அண்ணனோடு நாலு வருடம் ஒரே வண்டியில் சுற்றிய ஓரஸ்டுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஊரே அரங்கத்தில் இருந்தது. ப்ளே ஆஃப் சுற்றின் கடைசி ஆட்டம். லோர்னா வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் மேல் வரிசை மூலையில் ஸ்கவுட்டுகள் ஒருவரை ஒருவர் ஒட்டாமல் உட்கார்ந்திருப்பது தெரியும். மகன் ஆடும் ஆட்டத்தை அவள் முதல் தடவையாக ஆட்டத்தைப் பார்க்காமல் பார்த்தாள்.

கூட்டம் "ஓ"வென்றால் ஓரஸ்ட் முகத்தைப் பார்ப்பாள். கூட்டம் உச்சுக்கொட்டினாலும் ஓரஸ்ட் முகத்தைப் பார்ப்பாள். அது மரப்பலகை மாதிரி இருந்தது. மைரனிடம் பாடம் கற்ற முகம்.

முதல் கட்டம் முடிந்தது. ஓரஸ்ட் இருந்தான்.

இரண்டாவது கட்டத்தில் ரோமன் தன் எல்லையிலிருந்து ஒரு நீள பாஸ் கொடுத்தான். இரண்டு பேர் மட்டைகளுக்கு நடுவில் ஊசியில் நூல் போவது போலப் போனது. கோல். அரங்கம் அதிர்ந்தது. ஹாமர்லிங்கும் பதிலுக்கு ஒன்று போட்டான். வலைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி நடுங்கியது.

கட்டம் முடிந்த சங்கு ஊதியது.

ஓரஸ்ட் எழுந்தான். தொப்பியைத் தலையில் வைத்தான். பக்கத்தில் இருந்த லூசியனிடம் குனிந்து ஏதோ சொன்னான், மாடு என்று உதடு அசைந்தது. படிகளில் இறங்கி வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

லோர்னாவுக்கு மூச்சு வந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. படம் பிடிக்கும் மேடையிலிருந்து கைலா அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள்.

மூன்றாவது கட்டத்தை நிம்மதியாகப் பார்த்தாள். பக் மூலைக்கு ஓடியது. பின்னால் ரோமன், அவன் பின்னால் ஹாமர்லிங். ரோமன் அரை அடி முன்னாலேயே நின்றான். ஹாமர்லிங்கைப் போகவிட்டு, நீட்டிய மட்டையால் பக்கைத் தட்டிப் பிடுங்கினான். "உள்ளே போடா!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். கத்தட்டும். 'வழி விட்டா அவனே போய் மோதிப்பான்' என்று காலையில் சொன்னானே. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டாள். மேல் வரிசையில் டில்லன் மட்டும் முன்னால் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, கண்ணெடுக்காமல் ரோமனையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தேகம் இருக்கிறவன் பார்க்கிற பார்வை.

மூன்றுக்கு இரண்டு. பைக் க்ரீக் ஜெயித்தது.

பையன்கள் குளித்து உடை மாற்றி வர நேரம் ஆகும். அதற்குள் வண்டியைச் சூடு பண்ணி வைக்கலாம் என்று வெளியே வந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. ஓரஸ்ட் வீட்டுக்குப் போயிருப்பான், போன் போட்டு ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று கையுறையைக் கழற்றினாள்.

ஓரஸ்டின் வண்டி போகவில்லை. நிறுத்துமிடத்தின் கடைசியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு அவன் பேசிக்கொண்டிருந்தான். வெளியே நின்றிருந்த ஆள் ஜன்னல் விளிம்பில் கை வைத்துச் சிரித்தார். ஆறடிக்கு மேல் உயரம். அவர் முதுகில், மேலங்கியில் பெரிய எழுத்தில் தைத்திருந்தது: ஹாமர்லிங் அண்ட் சன்ஸ், தானியக் கிடங்கு.

அவர் போகும்வரை லோர்னா அசையவில்லை. பிறகு போய் அதே ஜன்னலில் நின்றாள்.

ஓரஸ்ட் திடுக்கிடவில்லை. "ஏறுங்க அண்ணி. வெளியே நிக்கற குளிரா இது?"

"பாதியில எழுந்து வந்தியே, ரோமனுக்காகன்னு நினைச்சேன்."

"தெரியும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

"ஆடினது ரெண்டு பையனுங்க. அதை மறந்தே போனேன்."

"அந்தப் பையனோட அப்பாவைக் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பிடிச்சாதான் உண்டு. அண்ணனும் இதுக்குத்தான் சீக்கிரம் வருவார். ரோடு வழுக்கும்னு சும்மா சொல்லுவார்."

அவளுக்கு அது புதுச் செய்தி. இருபது வருட வாழ்க்கையில் அவள் தெரிந்துவைத்திருந்தது பாதிதான் என்பது உறைக்க ஒரு நொடி ஆயிற்று. அதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

"ரோமன்?"

ஓரஸ்ட் ஸ்டியரிங்கைப் பார்த்தான். "எடுக்க வேண்டாம்னு எங்க ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன்."

"தலைன்னு சொன்னியா?"

"கால்னு சொன்னேன். மத்தியானம் உங்க மேஜையில சொன்ன அதே காரணம். தலைங்கற வார்த்தை என் வாயிலேர்ந்து வரவே இல்ல. எடுத்தா செப்டம்பர்லேர்ந்து தினமும் அந்த மூலைக்குப் போகணும் அண்ணி. ஹாமர்லிங் மாதிரி இருபது பேர் வருவான். நான் அவனைக் கையெழுத்துப் போட வெச்சுட்டு ராத்திரி தூங்கணுமா?"

"நல்லவன் மாதிரி பேசாதே. டில்லன்கிட்ட யார் சொன்னது? பெட்ரோல் பங்க்ல என்ன பேசினே?"

"டேஜர்லேயோட உயரத்தைப் பத்திப் பேசினோம்."

"பொய்."

"சரி, பொய். ரோமனைப் பத்திதான். ஆனா தலைவலி விஷயத்தை டில்லன்தான் எனக்குச் சொன்னான், நான் அவனுக்குச் சொல்லல."

"தெரிஞ்சதே மூணு பேருக்கு! நான் சொல்லல, கைலா சொல்லல. பின்னே?"

"நாலு பேர் அண்ணி."

"யாரு அந்த நாலாவது ஆள்?"

"அடிபட்டவன்."

ஓரஸ்ட் ஹீட்டரைக் குறைத்தான்.

"பயிற்சியாளர்கிட்ட என்ன சொல்றது, யார்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நீங்க, நான், கைலா மூணு பேரும் அந்தச் சமையலறையில உட்கார்ந்து முடிவு பண்ணோம். அவனும் அங்கதான் இருந்தான். அவனை யாரும் கணக்குலயே சேர்க்கல."

லோர்னா தன் வண்டிக்கு நடந்தாள். அகப்பட்டுக்கொண்டவன் குற்றத்தைக் குழந்தை மேல் போடுகிறான் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. எவ்வளவு சௌகரியமான பதில். அந்தக் குரலை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். வண்டியில் ஏறி, எஞ்சினைப் போட்டு, முன் விளக்கை எரியவிட்டாள்.

விளக்கின் வெளிச்சம் அரங்கத்தின் பின்கதவில் விழுந்தது. கதவு திறந்தது. தோளில் பெரிய பையோடு ரோமன் வந்தான். வெளிச்சம் பட்டதும் நின்றுவிட்டான். கையை எடுத்துக் கண்ணை மறைத்தான். அவனுக்குப் பின்னால் வந்த மூன்று பையன்கள் அதே வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டு சாதாரணமாக நடந்துபோனார்கள்.

காலையில் இழுத்துவிட்ட திரை. வீட்டுக்குள் தொப்பி. போர்வை மூடிய ஜன்னல். அடிபட்ட தலைக்கு வெளிச்சம் ஆகாது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஜன்னலுக்கு முதுகு காட்டி, பழுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் சூப் குடித்தவன். இருபது வயசோட முடிஞ்சு போச்சு என்றானே.

டில்லன் அப்போது தன் வண்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். ரோமனைத் தாண்டும்போது நிற்கவில்லை. பையனின் தோளில் ஒரே ஒரு முறை கை வைத்துவிட்டுப் போனான். ரோமன் தலையை அசைத்தான்.

பையைப் பின்னால் போட்டுவிட்டு ரோமன் முன் சீட்டில் ஏறினான். "லைட்டை அணைம்மா. வண்டி எடுக்கறப்ப போட்டுக்கலாம்."

அணைத்தாள். இருட்டில் அவன் மூச்சு வந்து போவது கேட்டது. ஜெயித்த பையன் மூச்சு மாதிரி இல்லை. வாரம் முழுவதும் சேர்த்துவைத்திருந்த கேள்விகள் எல்லாம், யார் சொன்னது, யாரிடம் சொன்னது, ஏன் சொன்னது என்பதெல்லாம், ஒதுங்கிக்கொண்டன. கேட்க முடிந்தது ஒன்றுதான்.

"தலை வலிக்குதாடா இன்னும்?"

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"எதைக் கேட்கறேம்மா? குளத்துல விழுந்ததையா? இல்ல, பிப்ரவரியில பட்டதையா?"